அறுபதுக்குப் பிறகு தொடைப் பலம்: மதுரைப் பெண்களுக்கான சாப்பாட்டுக் கணக்கும் பயிற்சியும்

2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பெரியார் பேருந்து நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அறுபதைத் தாண்டிய பெண்கள் பழைய பஸ்ஸின் முதல் படியில் கால் வைத்ததும் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்து ஏற்றுகிறார்கள். பின்னால் நிற்பவர் முதுகில் கை கொடுத்து ஏற்றிவிடுவதும் உண்டு. கேட்டால் மூட்டு வலி என்பார்கள். மூட்டு வலி உண்மைதான். ஆனால் அந்த மூட்டைத் தாங்க வேண்டிய தொடைத் தசை கரைந்துபோயிருப்பதை யாரும் கவனிப்பதில்லை.

வீடு வீடாகப் போய்ப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். வயதான அம்மாக்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் மகள், மருமகள்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஏனென்றால் பயிற்சியை அம்மா செய்யலாம். அடுப்படியில் என்ன வேகிறது என்பது பெரும்பாலும் அடுத்த தலைமுறையின் கையில் இருக்கிறது.

தசை எப்படிப் போகிறது

வயதோடு வரும் தசை இழப்புக்கு 1989இல் அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பர்க் சார்கோபீனியா என்று பெயரிட்டார். ஆண், பெண் இருவருக்கும் இது வரும். பெண்களுக்கு முதலிலேயே தசை குறைவு. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும் குறைவதால் இழப்பு சீக்கிரம் தெரியத் தொடங்குகிறது. தசையின் அளவைவிட அதன் பலம் வேகமாக இறங்கும்.

எடை மெஷின் இதைக் காட்டிக்கொடுக்காது. பத்து வருடமாக அதே 58 கிலோ என்று ஒருவர் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். அந்த 58க்குள் தசை போன இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்திருக்கும். வயிறு பெருத்து, தொடையும் பிட்டமும் வற்றிப்போன உடல்வாகு நம் ஊரில் அபூர்வமா என்ன?

இன்னொன்றும் நடக்கிறது. இளம் வயதில் கொஞ்சம் புரதம் சாப்பிட்டாலே தசை அதை எடுத்துக்கொள்ளும். வயதானபின் அந்தக் கொஞ்சத்துக்குத் தசை அசைந்து கொடுக்காது. ஒரே வேளையில் கணிசமான அளவு வந்தால்தான் வேலை தொடங்கும். ஆக, வயதானால் புரதம் கூடுதலாக வேண்டும். நாம் செய்வதோ நேர்மாறு: "வயதாகிவிட்டது, இனி வயிற்றை லேசாக வைத்துக்கொள்ள வேண்டும்" என்று இரண்டு இட்லியோடு இரவை முடித்துவிடுகிறோம்.

முதல் படி: அளந்து பாருங்கள்

தையல் டேப், கடிகாரம், நாற்காலி போதும். ஆசிய நாடுகளின் மருத்துவ நிபுணர் குழு 2019இல் வெளியிட்ட அளவுகோல்களையே இங்கே சொல்கிறேன்.

உட்கார்ந்தபடி கெண்டைக்காலின் பருத்த இடத்தில் டேப்பைச் சுற்றுங்கள். பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் தசை குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். கால் வீக்கம் உள்ளவர்களுக்கு இந்த அளவு ஏமாற்றும். அவர்கள் அடுத்ததை நம்பலாம்.

கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை முழுதாக எழுந்து உட்கார வேண்டும். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால், கால் பலம் குறைந்துவிட்டது என்று பொருள். கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றால் விநாடியை எண்ணவே வேண்டாம்.

மூன்றாவது நடை. தரையில் 6 மீட்டர் அளந்து, வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள். 6 விநாடிக்கு மேல் ஆனால் அதுவும் எச்சரிக்கைதான். மூன்றையும் காலண்டரின் ஓரத்தில் தேதியோடு எழுதி வையுங்கள்.

இரண்டாம் படி: டாக்டரிடம் ஒரு வார்த்தை

இதைத் தாண்டிப் போகாதீர்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பல வருடமாக இருப்பவர்களுக்குச் சிறுநீரகம் சத்தமில்லாமல் பழுதாகியிருக்கலாம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்க்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. சிறுநீரக நோய் இருந்து, டயாலிசிஸ் கட்டத்துக்கு வராதவர்களுக்குப் புரதத்தைக் குறைக்கச் சொல்வதுதான் வழக்கம். கீழே வரும் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. வைட்டமின் டி, தைராய்டு இரண்டையும் அதே ரத்தத்தில் பார்த்துவிடலாம்.

காரணம் தெரியாமல் எடை இறங்கினாலோ, நடந்தால் நெஞ்சு அடைத்தாலோ பயிற்சி பிறகு, முதலில் பரிசோதனை. கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள் கண் டாக்டர் சொல்லும் வரை பாரம் தூக்கக் கூடாது. சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களும் கேட்டுக்கொண்டே தொடங்க வேண்டும்.

மூன்றாம் படி: எவ்வளவு புரதம், இப்போது எவ்வளவு வருகிறது

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம். இது பெரியவர்கள் எல்லோருக்குமான பொது அளவு. முதியோருக்கென்று கூடிப் பேசிய ஐரோப்பிய நிபுணர் குழுக்கள் 1 முதல் 1.2 கிராம் வரை சொல்கின்றன. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 55 முதல் 66 கிராம். பருப்பையே நம்பியிருக்கும் சைவர்கள் மேல் எல்லையை வைத்துக்கொள்வது நல்லது; பருப்புப் புரதம் முட்டை, பால் அளவுக்கு முழுதாகச் செரிப்பதில்லை.

இப்போது வீட்டுக் கணக்கு. செல்லூரில் ஓர் அம்மாவிடம் முந்தைய நாள் சாப்பாட்டைக் கேட்டேன். "காலையில் மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி. மத்தியானம் சோறு, சாம்பார், கத்தரிக்காய்ப் பொரியல், மோர். சாயங்காலம் டீ, ரஸ்க். ராத்திரி இரண்டு இட்லி. போதாதா தாயி?" என்றார். ஓர் இட்லியில் சுமார் 2 கிராம் புரதம். ஒரு தட்டுச் சோற்றில் 5. சாம்பார் தெளிவாகத்தான் ஊற்றியிருப்பார்கள், 3 வைத்துக்கொள்வோம். நீர்மோரில் தண்ணீரே அதிகம். டீக்குச் சேரும் பால், ரஸ்க், சட்னி, பொரியல் எல்லாம் கூட்டினாலும் 30 கிராம் வந்தால் அதிகம். தேவையில் பாதி.

வயிறு நிறைந்துதான் இருக்கிறது; அதனால்தான் குறை தெரிவதில்லை. ரேஷனில் மாதம் 1 கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில் உள்ள புரதம் ஏறக்குறைய 220 கிராம். நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 55 கிராம் என்றால் ஒரே நாள் தேவை அது. அதை வைத்து மாதம் முழுக்கச் சாம்பார் ஓட்டினால் சாம்பாரில் என்ன இருக்கும்?

நான்காம் படி: காலையையும் இரவையும் சரிசெய்யுங்கள்

மொத்த அளவு மட்டும் போதாது. ஒவ்வொரு வேளையும் 20 முதல் 25 கிராம் இருந்தால்தான் தசை எடுத்துக்கொள்ளும். மதியத்தை ஓரளவு தேற்றிவிடலாம். ஓட்டை இருப்பது காலையிலும் இரவிலும்.

காலைக்கு என் முதல் சிபாரிசு அடை. பச்சரிசி ஒரு பங்கு என்றால் துவரை, கடலை, உளுந்து, பாசி எல்லாம் சேர்ந்து இரண்டு பங்கு இருக்கட்டும். ஓர் ஆளுக்கு 50 கிராம் பருப்பு சேர்ந்தாலே 11 கிராம் வந்துவிடும். கூட ஒரு கிண்ணம் கெட்டித் தயிர் 3, ஓர் அவித்த முட்டை 6, அரிசியில் உள்ளது 2. ஆக 22. முட்டை சாப்பிடாதவர்கள் ஒரு டம்ளர் பால் குடிக்கலாம். 200 மில்லியில் 6 கிராமுக்குக் குறையாது. இட்லிதான் வேண்டும் என்பவர்கள் தேங்காய்ச் சட்னியை விட்டுப் பொட்டுக்கடலையும் நிலக்கடலையும் கனமாகப் போட்டு அரைத்த சட்னிக்கும், கரண்டி நிற்கும் சாம்பாருக்கும் மாறட்டும். வயதுக்கு வந்த பெண்ணுக்குக் கிண்டிக் கொடுக்கும் உளுந்தங்களியைப் பாட்டிக்கும் கொடுங்கள். அவருக்குத்தான் இப்போது தேவை அதிகம்.

இரவுக்குப் பச்சைப்பயறு தோசை எளிது. முந்தின இரவே ஊறவைத்து இஞ்சி, சீரகத்தோடு அரைத்தால் புளிக்கவைக்கும் வேலையும் இல்லை. 60 கிராம் பயற்றில் 13 கிராமுக்கு மேல் கிடைக்கும். படுக்கும் முன் பால் சேர்ந்தால் 20ஐ எட்டிவிடலாம். சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்தால் நெஞ்சு கரிக்கும் பயமும் குறையும்.

மதியத்துக்குச் சொல்ல ஒன்றே ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் துண்டெல்லாம் பிள்ளைகளுக்கும் ஆண்களுக்கும் போய்விடுகிறது. கடைசியாக உட்காரும் அம்மாவின் தட்டில் விழுவது குழம்பும் இரண்டு எலும்பும். புரதம் துண்டில் இருக்கிறது, குழம்பில் இல்லை. அயிரை மீன் குழம்பானாலும் மீனை அள்ளிப் போட்டுவிட்டுத்தான் குழம்பை ஊற்ற வேண்டும். 100 கிராம் கோழியிலோ மீனிலோ 20 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. பல் இல்லை என்று கறியை விட்டவர்களுக்குக் கொத்துக்கறி, முள் எடுத்த மீன், முட்டைப் பொடிமாஸ் இருக்கின்றன. மஞ்சள் கருவை ஒதுக்க வேண்டாம். முட்டைப் புரதத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அதில்தான் இருக்கிறது. நாளுக்கு ஒரு முட்டை பெரும்பாலோருக்குத் தொந்தரவில்லை. இதய நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

வெள்ளி, சஷ்டி, அமாவாசை, புரட்டாசி என்று விரதம் சேர்ந்துவிட்டால் மாதத்தில் பாதி நாள் அசைவம் கிடையாது. அந்த நாட்களில் மாலை ரஸ்க்கை விட்டு ஒரு கிண்ணம் சுண்டல் வையுங்கள். மீல் மேக்கரை ஏனோ நம் வீடுகளில் பிரியாணியில் மட்டும்தான் போடுகிறார்கள். உலர்ந்த 30 கிராமில் 15 கிராம் புரதம் தரும் பொருள் அது. நன்றாக வேகவைத்துப் பிழிந்து, பொடியாக நறுக்கிப் பொரியலில் கலந்தால் மெல்லவும் எளிது.

பருப்பு என்றதும் வாயுத் தொல்லை என்ற பேச்சு வரும். ஒரே நாளில் இரட்டிப்பாக்கினால் யாருக்கும் வயிறு உப்பும். வாரத்துக்கு ஒரு வேளையாகக் கூட்டுங்கள். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குழைய வேகவிடுங்கள். பூண்டும் பெருங்காயமும் தாராளமாகச் சேரட்டும். பச்சைப்பயறு பலருக்கு ஒத்துக்கொள்கிறது, கொண்டைக்கடலைக்குக் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

சிலவற்றைப் புரதம் என்று நினைத்து ஏமாறுகிறோம். மதுரையில் ஆட்டுக்கால் சூப்புக்கு இருக்கும் மரியாதை ஊரறிந்தது. ருசியானதுதான், ஆனால் அதில் இறங்குவது பெரும்பாலும் எலும்பிலும் தோலிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம். தசையைத் தூண்டும் லியூசின் என்ற அமினோ அமிலம் அதில் குறைவு. சூப் குடித்த திருப்தியில் முட்டையை விட்டுவிடாதீர்கள். பருத்திப்பாலில் பெயரில்தான் பால். அதைப் பால் கணக்கில் எழுதக் கூடாது. ஊறவைத்த நாலு பாதாமில் வருவது 1 கிராம். கேழ்வரகு சுண்ணாம்புச் சத்துக்கு நல்லது, புரதத்துக்கு அரிசியைப் போலத்தான். சத்து மாவு வீட்டில் திரிப்பதானால் தானியத்தைப் பாதியாகக் குறைத்துப் பொட்டுக்கடலையையும் வறுத்த பயற்றையும் கூட்டுங்கள்.

டப்பாவில் வரும் புரத மாவு? சாப்பாடே இறங்காதவர்கள், அறுவை முடிந்து தேறுகிறவர்கள், டாக்டர் எழுதிக் கொடுத்தால் வாங்கலாம். மற்றவர்கள் அந்தப் பணத்துக்கு முட்டையும் பயறும் வாங்குவதே மேல்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. சோற்றைக் குறைக்கிறேன் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறார்கள். சாப்பாடே போதாவிட்டால் உடம்பு புரதத்தையும் எரித்துவிடும். சோறு குறையும் அளவுக்குப் பருப்பும் காயும் தட்டில் ஏற வேண்டும்.

ஐந்தாம் படி: தசைக்கு வேலை கொடுங்கள்

வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி விடிகாலையில் நடக்கிறவர்களில் பெண்கள் நிறைய. நல்ல பழக்கம், இதயத்துக்கும் சர்க்கரைக்கும் உதவும். ஆனால் தொடைத் தசையைக் காக்க நடை மட்டும் போதாது. "வீட்டு வேலை முழுக்க நான்தான் பார்க்கிறேன், இதற்கு மேல் பயிற்சி எதற்கு?" என்பது அடுத்த கேள்வி. அதே பாத்திரம், அதே துடைப்பம், அதே கோலம் என்று இருபது வருடமாகச் செய்யும் வேலைக்கு உடம்பு பழகிவிட்டது. பாரம் கூடக் கூடத்தான் தசை வளரும். அம்மியும் உரலும் தண்ணீர்க் குடமும் இருந்த காலத்தில் அந்தப் பாரம் தானாக வந்தது. இப்போது நாமாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

வயது ஒரு தடையா? 1990இல் அமெரிக்காவில் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர், முதியோர் இல்லத்தில் இருந்த தொண்ணூறு வயதுக்காரர்களுக்கு 8 வாரம் பாரப் பயிற்சி கொடுத்தார். அவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. 1994இல் அவரே 100 பேரை வைத்துச் செய்த ஆய்வில், பயிற்சி இல்லாமல் சத்துப் பானம் மட்டும் கொடுத்தவர்களுக்குப் பலம் கூடவில்லை. சாப்பாட்டை மட்டும் மாற்றிவிட்டுக் காத்திருக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வாரத்தில் மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. சித்திரை, வைகாசி வெயிலில் காலை ஏழுக்குள் முடித்துவிடுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம், இன்சுலின் போடுகிறவர்கள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் தலையானது நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸில் வழுக்கும். மர நாற்காலியைச் சுவரில் முட்டுக்கொடுத்துப் போடுங்கள். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொள்ளட்டும், அல்லது நைட்டி, சுடிதார் எது வசதியோ அது. இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்ந்து வந்து, பாதத்தை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வைத்து, மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேராக வரும்வரை முன்னால் குனிய வேண்டும். இந்தக் குனிதலைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நிமிர்ந்தபடி எழப் பார்த்து "முடியவில்லை" என்று விழுகிறார்கள். குனிந்தபின் குதிகாலைத் தரையில் அழுத்தி எழுந்து நிற்க வேண்டும். உட்காரும்போது மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக இறங்க வேண்டும்; தொப்பென்று விழுந்தால் பாதிப் பயிற்சி வீண். எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லட்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் ரத்த அழுத்தம் ஏறும். வாய்விட்டு எண்ணுகிறவருக்கு மூச்சைப் பிடிக்க முடியாது.

எழவே முடியாதவர்களுக்கு இரண்டு தலையணை போட்டு இருக்கையை உயர்த்துங்கள். ஐந்து முறையில் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு வரை போகலாம். சற்று இளைப்பாறி இன்னொரு சுற்று. கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருந்தால்தான் அளவு சரி. பன்னிரண்டும் சுலபமாகிவிட்டதா? தலையணையை எடுங்கள். அதுவும் சுலபமானால் ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் 2 கிலோ அரிசியைப் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு எழச் சொல்லுங்கள்.

மற்றவை இதைச் சுற்றி வருபவை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்குவது கெண்டைக்காலுக்கு. சுவரில் உள்ளங்கையை ஊன்றி நெஞ்சைச் சுவர்ப் பக்கம் கொண்டுபோய்த் தள்ளி வருவது தோளுக்கும் கைக்கும். இரண்டு கையிலும் ஒரே எடையில் கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் போய் வருவது கையின் பிடிமானத்துக்கும் முதுகுக்கும். வாசல் படியில் ஏறி இறங்குவதைக் கைப்பிடிச் சுவர் இருக்கும் இடத்தில் மட்டும் செய்ய வேண்டும். முதலில் ஒரே காலை வைத்து எட்டு முறை, பிறகு அடுத்த கால். கடைசியாக, சமையல் மேடையை ஒரு விரலால் தொட்டபடி ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்பது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டல், 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரம் மூன்று நாளாவது இப்படிச் சமநிலையும் பலமும் சேர்ந்த பயிற்சி செய்யச் சொல்கிறது.

மூட்டுத் தேய்மானம் இருப்பவர்களுக்குத் தொடைப் பயிற்சி மருந்தின் ஒரு பகுதி. செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையிலும் வலி கூடியே இருந்தால் இருக்கையை உயர்த்துங்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள்; நிறுத்திவிடாதீர்கள். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் மட்டும் டாக்டரைப் பார்க்கும் வரை ஓய்வு. தசை வலி இரண்டு நாள் இருப்பது சாதாரணம்.

ஆறாம் படி: மூன்று மாதம் கழித்து

முதல் சில வாரங்களில் பலம் கூடுவது தெரியும், ஆனால் அது தசை பருத்ததால் அல்ல. நரம்புகள் தசையை நன்றாக ஏவக் கற்றுக்கொள்வதால். தசை பருக்க இரண்டு மூன்று மாதமாவது ஆகும். அதனால் வாராவாரம் டேப்பை எடுக்காதீர்கள். மூன்று மாதம் முடிந்ததும் காலண்டரில் எழுதிய மூன்று அளவையும் மறுபடி எடுங்கள். நாற்காலிக் கணக்கு பெரும்பாலும் முதலில் முன்னேறும், கெண்டைக்கால் கடைசியில். எதுவுமே நகரவில்லை என்றால் பாரம் கூடியிருக்கிறதா, இரவுச் சாப்பாடு பழையபடி இரண்டு இட்லிக்குத் திரும்பிவிட்டதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

காய்ச்சல், ஆஸ்பத்திரி நாட்கள்

பல மாத உழைப்பு ஒரே வாரத்தில் கரைவது இங்கேதான். 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை போய்விட்டது. டெங்குவோ சிக்குன்குனியாவோ வந்தால் அதோடு கஞ்சியும் ரொட்டியும்தான் ஒரு வாரச் சாப்பாடு. கஞ்சியையே குடிக்கட்டும், ஆனால் அரிசியில் பாதி அளவு பாசிப்பருப்பைச் சேர்த்துக் குழைய வேகவையுங்கள். வாய் கசந்தால் தயிரில் கரைத்துக் கொடுங்கள். மாலையில் முட்டை வெள்ளையாவது போகட்டும்.

டாக்டர் தடை சொல்லாதவரை, படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைப்பதும், முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்துக் கீழே அழுத்தி ஐந்து எண்ணுவதும், மணிக்கு ஒரு முறை கட்டில் ஓரத்தில் உட்காருவதும் நடக்கலாம். பாத்ரூமுக்குத் துணையோடு நடக்க முடிகிறவருக்குப் படுக்கையிலேயே பாத்திரம் வைத்துவிடாதீர்கள். காய்ச்சல் விட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கக் கூடாது. அரிசிப் பை வேண்டாம். இரண்டு தலையணை போட்ட நாற்காலி, ஐந்து முறை, பக்கத்தில் ஓர் ஆள்.